விண்வெளி வீரர் போட்ட ஜாக்கெட்: அசலும் நகலும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், அச்சகத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்குப் பேசினோம், இந்தக் கூட்டத்தில் ஜாக்கெட்டா என்று பி பிளாக் அண்ணாச்சி வாசலிலேயே கேட்டுவிட்டார். அதுவும் நம் ஊர் வெயிலில்! இது டெய்லரிடம் தைக்கக் கொடுக்கும் ஜாக்கெட் இல்லை என்பதை அக்காமார்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானிகள் போடும், முன்பக்கம் ஜிப் வைத்த மேல்சட்டை இது.

பேச வேண்டிய காரணம் இதுதான். நம் குடியிருப்பில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத தம்பி ஒருவர், இணையத்தில் விற்பனைக்கு வந்த ஒரு ஜாக்கெட்டின் படங்களை என்னிடம் காட்டினார். "1969-ல் நிலவுக்குப் போன வீரர் அணிந்தது" என்று போட்டிருந்தது. விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம். அவருடைய சேமிப்பு அவ்வளவுதான். "நீங்க காலமெல்லாம் லேபிள் அடிச்ச ஆள், பார்த்துச் சொல்லுங்க மாமா" என்றார். இரண்டு பேருமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. எட்வின் ஆல்ட்ரின் அப்போலோ 11 பயணத்தில் விண்கலத்துக்குள் போட்டிருந்த வெள்ளை ஜாக்கெட், 2022 ஜூலையில் நியூயார்க்கில் சோத்பீஸ் ஏலத்தில் 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. நம் பணத்தில் 20 கோடிக்கு மேல். இப்படி ஒரு விலை செய்தியில் வந்துவிட்டால், பின்னாலேயே நூறு போலி முளைக்கும். பேர் எடுத்த பட்டாசின் லேபிளைப் பார்த்து அதே சாயலில் இன்னொரு லேபிள் வருவதை நாம் பார்க்காததா?

ஆரம்பகால அமெரிக்க விண்வெளி வீரர்கள் பெரும்பாலும் ராணுவ விமானிகள். யார் எந்தப் படையிலிருந்து வந்தாரோ அந்தப் படையின் ஜாக்கெட்தான் அவருக்குக் கிடைத்திருக்கும். தரைப்படையின் விமானப் பிரிவு 1931-ல் கொண்டுவந்த தோல் ஜாக்கெட்டுக்கு ஏ-2 என்று பெயர். பெரும்பாலும் குதிரைத் தோல். கடற்படையினுடையது ஜி-1, ஆட்டுத்தோல், கழுத்துப்பட்டியில் ரோமம் இருக்கும். ஜெட் விமானங்கள் வந்த பிறகு அமெரிக்க விமானப்படை நைலானுக்கு மாறியது. எம்.ஏ.-1 என்ற பச்சை நைலான் ஜாக்கெட்டின் உள்பக்கம், 1960 வாக்கிலிருந்து பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் வந்தது. விமானம் விழுந்துவிட்டால் விமானி அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். தேடி வருகிறவர்கள் கண்ணில் படும்.

ஆகவே, படை எது என்பதுதான் முதல் கேள்வி. ஆலன் ஷெப்பர்ட் கடற்படை, ஜான் கிளென் மரைன் படை, ஆல்ட்ரினும் காலின்ஸும் விமானப்படை. நீல் ஆம்ஸ்ட்ராங் கொரியப் போரில் பறந்த கடற்படை விமானிதான். ஆனால் 1962-ல் நாசாவில் விண்வெளி வீரராகத் தேர்வானபோது அவர் படையில் இல்லாத சாதாரணக் குடிமகன். நிலவுக்குப் போன காலத்து ஜாக்கெட் என்று சொல்லி, பெயர்ப்பட்டையில் "கர்னல் ஆம்ஸ்ட்ராங்" என்று இருந்தால் அதற்கு மேல் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாவது, உள்பக்க லேபிள். இது என் தொழில், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரு லேபிளைக் கையில் எடுத்தால் எந்தக் காலத்து மிஷின், எந்த மாதிரி மை என்று பழைய ஆட்கள் சொல்லிவிடுவார்கள். அமெரிக்க ராணுவ லேபிளில் அவ்வளவு சிரமம்கூட இல்லை, ஒப்பந்த எண்ணே அச்சாகியிருக்கும். 1960-களில் படைகளுக்குப் பொருள் வாங்கிய அலுவலகத்தின் சுருக்கப் பெயர் டி.எஸ்.ஏ. அது 1977 ஜனவரியில் டி.எல்.ஏ. என்று பெயர் மாறியது. டி.எஸ்.ஏ.-100, அடுத்து 69, அடுத்து சி என்று இருந்தால், நடுவில் உள்ள 69 ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. தம்பி காட்டிய படத்தில் எழுத்து மங்கியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் டி.எல்.ஏ., பக்கத்தில் 82. நிலவுக்குப் போய் வந்து 13 வருடம் கழித்துத் தைத்த சட்டை!

மூன்றாவது, மார்பில் தைத்திருக்கும் சின்னங்கள். பயணத்துக்கென்று தனிச் சின்னம் தைத்துக்கொள்ளும் வழக்கம் 1965-ல் ஜெமினி 5 பயணத்தில் தொடங்கியது. அப்போலோ 11 சின்னத்தில் கழுகு இருக்கும், நிலவு இருக்கும், பூமி இருக்கும். வீரர்களின் பெயர் இருக்காது. இந்த வெற்றி பலருடைய உழைப்பு என்பதால் மூவரும் தங்கள் பெயர் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். தம்பி காட்டிய ஜாக்கெட்டில் கழுகுக்குக் கீழே மூன்று பெயரும் அழகாக இருந்தன. கடையில் விற்கும் நினைவுப் பொருள் அது. நாசாவின் சொந்தச் சின்னமும் தேதி சொல்லும். நட்சத்திரங்களோடு உள்ள நீல வட்டம் 1959-லிருந்து. வளைந்து வளைந்து ஒரே கோடாக ஓடும் சிவப்பு எழுத்து 1975-ல் வந்து 1992-ல் விலக்கப்பட்டது. 1969 ஜாக்கெட்டில் அந்தச் சிவப்பு எழுத்து இருந்தால், பின்னாளில் யாரோ தைத்தது.

சிலர் புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பார்கள். பிற்காலத்து நூல் அதில் நீலமாக ஒளிரும், பழைய பருத்தி நூல் அநேகமாக ஒளிராது. ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. சோப்புத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளும் ஒளிரும். அசல் பழைய துணியைச் சலவைக்குப் போட்டாலும் ஒளிரத்தான் செய்யும். எனக்கு அதிக நம்பிக்கை புகைப்படத்தில். நாசா எடுத்த படங்கள் எல்லோரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. தோலில் விழுந்த சுருக்கம், கீறல், சின்னம் ஒரு நூல் சாய்வாகத் தைக்கப்பட்ட கோணம் எல்லாம் கைரேகை மாதிரி. வீரர் அதைப் போட்டு நிற்கும் படத்தோடு ஒத்துப்போனால், கூடவே கைமாறி வந்த கடிதங்களும் இருந்தால்தான் பேச்சு. அந்த வீரர்களே தங்களிடம் இருந்த பொருள்களை விற்கலாமா என்று பல வருடம் இழுபறி நடந்து, 2012-ல் அமெரிக்காவில் அதற்கென்று சட்டமே போட்டார்கள்.

தம்பி வாங்கவில்லை. அது 1980-களின் உண்மையான ராணுவச் சட்டைதான், சில ஆயிரம் கொடுக்கலாம், லட்சம் கொடுக்க முடியாது என்பது என் முடிவு. விற்றவருக்கு அப்படியே எழுதிக் கேட்டோம், பதில் இல்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஆல்ட்ரினின் ஜாக்கெட் நைலான் இல்லை, பருத்தி இல்லை, பீட்டா துணி. கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசியது. ஏன் அப்படி? 1967 ஜனவரி 27 அன்று, ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையில் அப்போலோ 1 கலத்துக்குள் தீப்பிடித்தது. கிரிஸம், வைட், சாஃபி என்று மூன்று பேரும் இறந்துபோனார்கள். கலத்துக்குள் நிரப்பியிருந்தது முழுக்க ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில். உள்ளே நைலான் வலைகளும் வெல்க்ரோவும் நிறைய இருந்தன. வெடியுப்பு என்ன வேலை செய்யும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். மருந்துக்கு ஆக்சிஜனைக் கொடுப்பதே அதுதான். சாதாரணக் காற்றில் மெதுவாக எரிகிற பொருள் அங்கே குப்பென்று போய்விடும். அந்த விபத்துக்குப் பிறகுதான் வீரர்கள் உடுத்தும் ஒவ்வொரு துணியும் தீயில் என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். விமானப்படையும் பின்னாளில் நைலானை விட்டு, உருகாமல் கருகும் நோமெக்ஸ் துணிக்குப் போனது.

நம் பட்டாசு ஆலைகளில் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்பதற்கு முதல் காரணம் வேறு. நைலான், பாலியஸ்டர் துணி உரசினால் நிலைமின்சாரம் சேரும். மருந்து அறையில் ஒரு சின்னப் பொறி போதும். ஆனால் தீப்பட்ட பிறகும் வித்தியாசம் இருக்கிறது. நைலான் 220 முதல் 260 டிகிரிக்குள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பி மத்தாப்போ ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிகிறது. பருத்தியும் எரியும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் உருகி ஒட்டாது. தீபாவளிக்குப் பளபளவென்று வாங்கும் பிள்ளைகள் சட்டை பெரும்பாலும் எந்த வகை என்று உள்பக்க லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மாலையில் மத்தாப்புக் கொளுத்தும்போது உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டையை மாற்றிவிடுங்கள். புதுத்துணி காலையிலேயே போட்டாயிற்றே.

நம் நாட்டுக் கதையிலும் அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு, பிள்ளைகள் வினாடி வினாவுக்குக் குறித்துக்கொள்ளலாம். விமானப்படை விமானி ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3-ல் சோயுஸ் டி-11 கலத்தில் போனார். டெல்லி நேரு கோளரங்கத்தில் வைத்திருக்கும் கலமோ சோயுஸ் டி-10. தப்பு இல்லை, அவர் திரும்பி வந்தது டி-10 கலத்தில். அவருடைய விண்வெளி உடையும் அங்கேதான் இருக்கிறது. 2025-ல் போய்வந்த சுபான்ஷு சுக்லாவும் விமானப்படை. ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வருமே விமானப்படைக்காரர்கள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நாளைக்கு இவர்கள் உடைக்கும் போலி வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்தில் படைக்குப் போய் வந்தவர்கள் வீடு நிறைய. நம் குடியிருப்பிலேயே ஒரு மதினி, காலமான கணவரின் விமானப்படை உடையைத் துவைத்து, சின்னங்களைப் பிரித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அவசரப்பட வேண்டாம். துவைக்காதீர்கள், சின்னத்தைப் பிரிக்காதீர்கள். உலோகக் கொக்கியில் மாட்டினால் துரு ஏறும், பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பாச்சா உருண்டை துணி மேல் நேராகப் பட வேண்டாம். லேபிளைப் படம் எடுங்கள். அவர் அதைப் போட்டு நிற்கும் போட்டோ இருந்தால் பின்பக்கம் பெயர், வருடம், ஊர் எழுதி அதோடேயே வையுங்கள். அந்த உடையை யாரும் மாட்டிக்கொண்டு படைவீரர் போல வெளியே போக வேண்டாம். படைவீரர் என்று மற்றவர் நம்ப வேண்டுமென்றே போடுவது சட்டப்படி குற்றம்.

அப்படி ஏதாவது வீட்டில் இருப்பவர்கள் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு எடுத்து வாருங்கள். தம்பி கேமரா கொண்டுவருகிறார், நான் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவருகிறேன். தண்ணீர் லாரிக் கணக்குக்கு அண்ணாச்சி காத்திருக்கிறார், அவரிடம் மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.