மூலிகைக் கல்வியில் முதற்படி

வட இந்தியாவில் ஓர் ஊரிலே மருந்துக் கடைக்குச் சென்று ‘இராஸ்னா’ வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் இலையையோ வேரையோ நிறுத்துக் கொடுப்பார். அதே பெயரைச் சொல்லித் தென்னாட்டில் கேட்டால், இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த அரத்தைக் கிழங்கு கிடைக்கும். ‘பிராமி’ என்று கேட்டால் கேரளத்தில் நீர்ப்பிரமி கிடைக்கும். வடக்கே பல இடங்களில் வல்லாரை கிடைக்கும். ‘சங்கபுஷ்பி’யின் கதையும் இதுவே. ஓரிடத்தில் விஷ்ணுகிராந்தி, வேறோரிடத்தில் சங்குப்பூ, மற்றோரிடத்தில் இவ்விரண்டும் அல்லாத பிறிதொரு செடி. கடைக்காரர் எவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நாட்டு வழக்கை ஒட்டி அவரவர் கொடுக்கின்றனர். நூலில் உள்ள பெயர் ஒன்று. அது குறிக்கும் பொருள்களோ பல.

மூலிகைகளையும் அவற்றிலிருந்து பெறப்படும் மருந்துகளையும் பட்ட மேற்படிப்பாகப் பயில விழையும் இளைஞர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தச் சிக்கலைத்தான். இத்துறை என்றவுடன், காடு மலைகளில் அலைந்து அதிசய மருந்து ஒன்றைக் கண்டுபிடிப்பதே பலருடைய மனக்கண்முன் தோன்றுகிறது. அத்தகைய கண்டுபிடிப்புகள் நிகழ்ந்ததுண்டு, இனியும் நிகழும். எனினும் அவற்றுக்கெல்லாம் முற்பட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. ‘என் கையில் இருக்கும் இந்தப் பொருள் எது?’ என்பதே அக்கேள்வி. இதற்குத் தவறான விடை கூறிவிட்டால், பின்னர்ச் செய்யும் ஆராய்ச்சி எவ்வளவு நுட்பமானதாயினும் பயனற்றுப் போகும். பயனற்றுப் போவதோடு நின்றாலும் பரவாயில்லை. சில வேளைகளில் அது உயிரையே பறித்துவிடும்.

இது மிகைக் கூற்று அன்று. 1990-ஆம் ஆண்டையொட்டிப் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகப் பெண்கள் பலர் உட்கொண்ட மருந்தில் சீன மூலிகைகள் சில சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘ஃபாங் ஜி’ என்று சீன மொழியில் பெயர் பெற்ற ஸ்டெபானியா என்னும் கொடியின் வேர். ஆனால் அப்பெண்களுக்குக் கிடைத்த பொடியில் இருந்ததோ ‘குவாங் ஃபாங் ஜி’ என்னும் வேறொரு வேர். அது அரிஸ்டோலோக்கியா என்னும் செடியினத்தைச் சேர்ந்தது. இரண்டு பெயர்களுக்கும் ஒரு சொல்லே வேற்றுமை. பொடியாக்கிய பிறகு கண்ணுக்கு அவ்வேற்றுமையும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் தோன்றியவர்களும் உண்டு. 1993-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் இதனை உலகுக்கு அறிவித்தனர். அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் பொருளே அதற்குக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. அந்தப் பொடியை முறையாக ஆராய்ந்து பார்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்று இடையிலே இருந்திருந்தால், இத்தனை பேர் துன்புற்றிருக்க மாட்டார்கள்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிய வேண்டுவது மற்றொன்றும் உண்டு. அரிஸ்டோலோக்கியா இனம் நமக்குப் புதியதன்று. ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. தலைமுறை தலைமுறையாக நம் நாட்டில் வழங்கி வந்தவை அவை. ‘நெடுங்கால வழக்கே போதிய சான்று, தீங்கிருந்தால் முன்னோர் அறிந்திருக்க மாட்டார்களா?’ என்று கேட்போர் உளர். உண்டவுடன் வாந்தியும் மயக்கமும் தருவதை முன்னோர் நன்கு அறிந்து விலக்கினர். ஆனால் உண்டு பல ஆண்டுகள் கழிந்த பின் சிறுநீரகத்தில் தோன்றும் நோயை, அன்று உண்ட வேரோடு தொடர்புபடுத்திக் காண்பது அவர்களிடமிருந்த கருவிகளால் இயலாத செயல். முன்னோர் கண்டவற்றைப் போற்றுவதும், அவர்களால் காண இயலாதவற்றைக் கண்டறிவதும் ஆகிய இரண்டுமே இன்றைய மாணவரின் கடமைகள்.

இனி, இக்கல்வியை அடையும் வழிகளைக் கூறுவேன். மருந்தாக்கியலில் பட்டம் பெற்றவர்கள் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வை எழுதி, ‘பார்மகாக்னஸி’ என்னும் பிரிவில் இரண்டாண்டு மேற்படிப்புப் பயிலலாம். கிரேக்க மொழியில் ‘மருந்தை அறிதல்’ என்பது அச்சொல்லின் பொருள். ஆயுர்வேதப் பட்டதாரிகளுக்குத் ‘திரவியகுணம்’ என்னும் மூன்றாண்டு மேற்படிப்பு இருக்கிறது. சித்த மருத்துவப் பட்டதாரிகளுக்குக் ‘குணபாடம்’ இருக்கிறது. தாவரவியலும் ரசாயனமும் கற்றவர்கள் தத்தம் துறை வழியாகவே இதனுள் நுழையலாம்.

நம் நாட்டில் இக்கல்வி ஒரே நாளில் உருவாகவில்லை. கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் ராம்நாத் சோப்ரா 1921-ஆம் ஆண்டு முதல் உள்நாட்டு மருந்துப் பொருள்களை முறைப்படி ஆராயத் தொடங்கினார். காசி இந்து சர்வகலாசாலையில் மகாதேவ லால் ஷ்ராஃப் 1932-ஆம் ஆண்டில் மருந்தாக்கியல் கல்விக்கு வித்திட்டார். ஜாம்நகரில் 1956-ஆம் ஆண்டு ஆயுர்வேதத்தில் பட்ட மேற்படிப்புப் பயிற்சி தொடங்கியது. இன்று மொகாலியிலுள்ள தேசிய மருந்தாக்கியல் கல்வி நிறுவனத்திலும், தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், இன்னும் பல கல்லூரிகளிலும் மாணவர்கள் இத்துறையில் பயில்கின்றனர்.

வாயில்கள் பல எனினும் உள்ளே செய்யும் வேலையில் ஒற்றுமை உண்டு. முதலாவது, செடியை அதன் இடத்திலேயே சென்று காண்பது. பூவும் காயும் உள்ள கிளையைக் கொணர்ந்து, அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, எடுத்த இடமும் நாளும் எழுதி வைப்பது. இரண்டாவது, நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அதனை ஆராய்வது. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து உலகெங்கும் செல்லும் நிலாவாரை இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பொடியான பின்னும், அதன் இலைத்துளைகளின் அமைப்பும், மயிர்களின் வடிவும், சுண்ணாம்புச் சத்துப் படிகங்களும் தம் அடையாளத்தை இழப்பதில்லை. மூன்றாவது, ரசாயன முறையில் அதன் சத்துக்களைப் பிரித்து அளவிடுவது. நான்காவது, அச்சத்துக்கள் உடலில் என்ன செய்கின்றன என்று சோதிப்பது. சித்த, ஆயுர்வேத மாணவர் இவற்றோடு சுவை, குணம், வீரியம் முதலியவற்றை நூல்வழி கற்று, நோயாளியிடத்தும் பயனைக் கண்டறிவர்.

இவற்றுள் முதற்படியை எளிதென்று கருதித் தாண்டிச் செல்வதே மாணவர்கள் செய்யும் பெருந்தவறு. என்னிடம் பயின்ற ஒருவர் அசோகப் பட்டையை ஆராய முற்பட்டார். ஊக்கமும் உழைப்பும் மிக்கவர். கடையிலிருந்து இரண்டு கிலோ பட்டை வாங்கி வந்தார், சாறு எடுத்தார், சத்துக்களைப் பிரித்தார், அட்டவணைகள் பல எழுதினார். நூல்களில் கண்ட அளவுகளோடு அவருடைய அளவுகள் ஒத்துவரவில்லை. ஏழாம் மாதத்தில் ஒரு நாள், “இந்தப் பட்டை எந்த மரத்தில் உரித்தது?” என்று கேட்டேன். அவர் விழித்தார். மெய்யான அசோக மரத்திலிருந்து பட்டை கொணர்ந்து இரண்டையும் நுண்பெருக்கியில் ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர் வாங்கியது அசோகமே அன்று. நகரங்களில் சாலையோரம் நெடிது வளர்ந்து, மக்களால் அசோக மரம் என்றே அழைக்கப்படும் நெட்டிலிங்க மரத்தின் பட்டை அது. ஏழு மாத உழைப்பு வீணாயிற்று. அவர்மீது மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஆசிரியனாகிய நானும் ஏழாம் மாதத்தில்தானே கேட்டேன்! அன்று முதல், உலர்த்தி ஒட்டிய கிளையை என் மேசைமீது வைக்காத எவரையும் ஆய்வுக்கூடத்தினுள் நான் விடுவதில்லை.

முறையாகச் செய்த ஆராய்ச்சி எவ்வளவு பயன் தரும் என்பதற்குச் சர்ப்பகந்தியே சான்று. பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் வட இந்திய மக்கள் நெடுங்காலம் வழங்கிய வேர் அது. 1931-ஆம் ஆண்டில் டில்லி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அதிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கான் அவர்களின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை எழுதி வெளியிட்டனர். 1949-ஆம் ஆண்டில் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ‘ரிசர்பின்’ பிரித்தெடுக்கப்பட்டது. அதனினும் தீங்கு குறைந்த மருந்துகள் பின்னர் வந்தமையால் ரிசர்பின் இன்று அருகியே வழங்குகிறது. ஆயினும் இரத்த அழுத்தத்தை மருந்தால் அடக்கலாம் என்னும் நம்பிக்கையை வளர்த்தவற்றுள் அது ஒன்று.

இச்செடியிலும் அடையாளப் பிழைக்கு இடமுண்டு. ஆப்பிரிக்கச் சர்ப்பகந்தியின் வேரில் கல்லணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். நம் நாட்டுச் சர்ப்பகந்தியின் வேரில் அவை இல்லை. பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தே பயிற்சி பெற்ற மாணவர் இதனைச் சொல்லிவிடலாம்.

சர்ப்பகந்தியின் கதைக்கு மறுபக்கமும் இருக்கிறது. வேரை எடுத்தால் செடி போயிற்று. உலகச் சந்தையின் தேவைக்காகக் காடுகளில் அது இடைவிடாது தோண்டப்பட்டது. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1990-ஆம் ஆண்டில் அது சேர்க்கப்பட்டது. ஆதலின், எதைப் பயன்படுத்தலாம் என்று கற்பவர், அதனை எவ்வாறு பயிரிட்டுக் காப்பது என்றும் கற்றாக வேண்டும்.

காட்டுக்கு நாம் பட்டுள்ள கடனைப் போன்றே காட்டில் வாழும் மக்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1987-ஆம் ஆண்டில் அகத்திய மலைப் பகுதியில் ஆராய்ச்சிக்காகச் சென்ற அறிஞர்களுக்கு வழிகாட்டியாக வந்த காணி மக்கள், களைப்பின்றி நடப்பதற்காக ஒரு சிறு செடியின் காயைத் தின்றுவந்தனர். அதுவே ‘ஆரோக்கியப் பச்சை’. பாலோட்டிலுள்ள தாவரத் தோட்ட நிறுவனம் அதனை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கிற்று. 1995-ஆம் ஆண்டில் அதனைத் தயாரிக்கும் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு வழங்கியபோது, கிடைத்த உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டம் இத்தகைய பகிர்வை நாடு முழுமைக்கும் முறையாக்கியது. தமக்கு அறிவு தந்தவரின் பெயரை ஏட்டில் எழுதிவிட்டு அவர் பங்கை மறந்துவிடும் ஆராய்ச்சியாளர் நேர்மையானவர் ஆகார்.

இத்துறைக்கு வரும் மாணவருள் சிலர், விரும்பிய வேறு பிரிவில் இடம் கிடைக்காமையால் மனச்சோர்வோடு வருகின்றனர். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். பாட்டி அரைத்துத் தரும் கஷாயம் முதல் பெரிய தொழிற்சாலையில் உருவாகும் மாத்திரை வரை, தாம் உண்பது சொன்ன பொருள்தானா என்று சோதித்தறிய நம் மக்களுக்கு வழியில்லை. நம்பி உண்கின்றனர். அந்த நம்பிக்கைக்குக் காவலாக நிற்கும் பணி உங்களுடையது. புதிய மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கும் பேறு உங்களுள் சிலருக்கே வாய்க்கலாம். தவறான வேர் ஒன்று மருந்துச் சாலைக்குள் நுழையாமல் தடுக்கும் வாய்ப்போ உங்களுள் ஒவ்வொருவருக்கும் கிட்டும். அதனால் காக்கப்பட்டவர்கள் உங்களை அறியமாட்டார்கள். நன்றி கூறவும் மாட்டார்கள். ஆயினும் அவர்கள் நலமாக வாழ்வார்கள். அதைவிட இக்கல்விக்கு வேறு என்ன பயன் வேண்டும்?