கொப்பியில் இருப்பது நூலாகட்டும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வைத்தியர்களாகிய எங்களைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று வேறொரு விடயத்தோடு வந்திருக்கிறோம். பெரிய பதிப்பகத்தின் துணை இல்லாமல், தம் கைக்காசைப் போட்டு நூல் எழுதி வெளியிடுகிறார்களே, அவர்களை எழுதத் தூண்டுவது எது?

நமது பகுதியில் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதியவரே தட்டச்சுக்குக் கொடுப்பார், அச்சகத்துக்கு முற்பணம் கட்டுவார், மண்டபமும் ஒழுங்கு செய்வார். முதற்பிரதியை ஊர்ப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொள்வார். மிஞ்சிய பிரதிகள் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். அநேகமாக அச்சுக்கூலிகூடத் திரும்பி வராது. அப்படியிருந்தும் அவர் அடுத்த நூலைத் தொடங்கிவிடுவார். காசுதான் காரணம் என்றால் முதல் நூலோடு நிறுத்தியிருப்பாரே!

கண்டியில் சட்டத்தரணியாக இருந்த சித்திலெப்பை அவர்களை எடுத்துக்கொள்வோம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். இலங்கையின் முதல் தமிழ் நாவலாக அது கருதப்படுகிறது. நல்ல தொழில் கையில் இருந்தவர் ஏன் இத்தனை சிரமப்பட்டார்? தம் சமூகம் கல்வியில் பின்தங்கிக் கிடப்பதைக் கண்டார். அதைச் சொல்ல வேறு ஆளில்லை என்பதையும் கண்டார். முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்க அந்தக் காலத்திலேயே பாடுபட்டவரும் அவரே. நாம் இங்கே கூடியிருப்பதில் அவருக்கும் பங்குண்டு.

கடலுக்கு அப்பால் நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரையே பள்ளிக்குச் சென்றவர். 1938இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் உ. வே. சாமிநாதையர். பள்ளிக்கதவு அடைபட்ட பிறகும் படிப்பை விடாத ஒரு பெண்ணுக்குச் சொல்வதற்கு ஒரு கதை இருந்தது.

இனி நம் அயலுக்கு வருவோம். மாவடிப்பள்ளியிலிருந்து துவிச்சக்கரவண்டியில் போகும் தூரத்தில் உள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். வழக்கொழிந்துபோன யாழைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூனில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். சுகவீனம் வாட்டிய நிலையிலும் அவர் அந்த வேலையை விட்டுவிடவில்லை.

1970களின் தொடக்கத்தில் கல்முனையில் எம். ஏ. நுஃமான் அவர்களும் நண்பர்களும் வாசகர் சங்கம் என்ற பெயரில் மஹாகவியின் கவிதை நூல்களை வெளியிட்டார்கள். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார், கிழக்கிலங்கையின் நாட்டார் பாடல்களைத் தொகுத்து 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்று நூலாக்கினார். நம் உம்மம்மாமார் வயலிலும் வாசலிலும் பாடியவை அவை. நம்மில் எத்தனை பேர் அவற்றைக் கேட்டு வளர்ந்தோம்! எழுதி வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லையே.

காலமும் ஊரும் வேறானாலும் இவர்கள் எல்லோரிடமும் ஒரே எண்ணம் இருந்ததாகவே எங்களுக்குப் படுகிறது. 'இதை நான் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப்போவதில்லை' என்ற எண்ணம். அதன் பாரத்தை நாங்கள் விளங்கிக்கொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது நாங்கள் மருத்துவ பீட மாணவியர். இலங்கையிலேயே ஆகக்கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். சில வருடங்களின் பின், இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள் இருவர் கரையோர ஊரொன்றில் கடமையாற்றினோம். நித்திரை வரவில்லை என்று ஒரு வயதான உம்மா கிளினிக்குக்கு வருவார். ஒருநாள் சீலைப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். அவருடைய தெருவில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், கடலோடு போன பிள்ளைகளில் யார் விரல் சூப்பும், யார் மீன்கறிக்கு அடம்பிடிக்கும் என்றெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தார்.

"எல்லாரும் கணக்குத்தான் எழுதிக்கிட்டுப் போறாங்க மகள். இந்தப் புள்ளைகள் எப்பிடி இருந்ததுகள் எண்டு ஆரும் எழுதல்ல. இதப் புத்தகமா அடிக்க ஏலுமா?" என்று கேட்டார்.

"பார்ப்பம் உம்மா" என்றோம். நித்திரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தோம். பிறகு எங்களுக்கு இடமாற்றம் வந்தது. மீண்டும் தேடிப் போனபோது அவர் மௌத்தாகிவிட்டிருந்தார். வீடு கைமாறியிருந்தது. கொப்பியைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே அதை வாங்கி நாளுக்கு ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்திருந்தாலும் இன்று அது ஒரு நூல்.

சகோதரிகளே, 2024 நவம்பர் வெள்ளத்தில் நமது மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரஸா மாணவர்கள் மௌத்தானார்கள். சில நாட்கள் செய்தியாக இருந்தது. அந்த வீதியில் எந்த மழைக்கு எங்கே வெள்ளம் ஏறும் என்று அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அதை எழுதி வைத்தால் அடுத்த மாரிக்கே பயன்படும்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஒவ்வொரு வகுப்பினரும் ஒரு கொப்பியைத் தொடங்குவோம். எழுத முடியாத உம்மாமாரின் பேச்சைத் தொலைபேசியில் பதிந்து, பிள்ளைகள் எழுதட்டும். தேசிய நூலகம் ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐ.எஸ்.பி.என். எண் பெற்றுக்கொள்ளலாம். நூறு பிரதிகள் அச்சிட்டால் போதும். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பினால் இலங்கைத் தமிழ் எழுத்துகளைப் பேணிவரும் அதன் மின்னூலகத்தில் அது நிலைத்திருக்கும். தட்டச்சு வேலையை நாங்கள் இருவரும் பொறுப்பேற்கிறோம். இந்த முறை "பார்ப்பம்" என்று சொல்லமாட்டோம்.

இந்த நல்ல முயற்சிக்கு அல்லாஹ் அருள்புரிவானாக.