இரு நகரங்களும் ஓர் ஏரியும்

 

கடல் கடந்து செல்வது தமிழர்க்குப் புதிதன்று. பொருள் தேடிச் சென்றனர். கல்வி தேடிச் சென்றனர். வயிற்றுப் பிழைப்பை நாடியும் சென்றனர். இக்காலத்தில் இன்னொரு வகைப் பயணமும் பெருகியிருக்கின்றது. அயல்நாட்டில் குடியேறிய பிள்ளைகளைக் காண, ஓய்வு பெற்ற பெற்றோர் இருவராய்ப் புறப்பட்டுச் செல்லும் பயணம் அது. நானும் என் மனைவியும் அவ்வாறு சிங்கப்பூருக்கும், அங்கிருந்து கோலாலம்பூருக்கும் சென்று வந்தோம். அப்பயணத்தில் நாங்கள் கண்டவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டுமே இன்று பேச விழைகின்றேன். அது தண்ணீர்.

என் மனைவியின் சின்னத் தாத்தா ஒருவர், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்திற்குக் கப்பலேறியவர். அந்நாளில் கப்பற்பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். 'ரஜூலா' என்னும் கப்பலை முதியோர் பலர் அறிவர். 1926-இல் கட்டப்பெற்று, 1973 வரை ஓடிய கப்பல் அது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மக்களை ஏற்றிக்கொண்டு பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் செல்லும். ஏழைகள் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தே கடலைக் கடந்தனர். நாங்களோ சென்னையில் விமானம் ஏறி, நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கினோம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்ததுதான் நாங்கள் பட்ட துன்பமெல்லாம்!

விடுதியில் தங்கும் பயணி ஒரு நகரத்தின் கூடத்தைக் காண்கின்றான். உறவினர் வீட்டில் தங்குபவனோ அதன் அடுக்களையையும் காண்கின்றான். எங்கள் மகள் குடியிருப்பது அடுக்குமாடி வீடு. அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய இத்தகைய வீடுகளிலேயே வாழ்கின்றனர். காலையில் பேர்த்தி பள்ளிக்குச் செல்வாள். அங்கே தமிழையும் ஒரு பாடமாகப் படிக்கின்றாள். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. மாலையில் நாங்கள் தேக்காவுக்குச் சென்று முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வருவோம். இவ்வாறு சில நாட்கள் சென்றன.

ஒருநாள் பேர்த்தி என்னைப் பார்த்து, "தாத்தா, எங்கள் நாட்டுக்கு நான்கு குழாய்கள் இருக்கின்றன, தெரியுமா?" என்றாள். பள்ளியில் கற்ற பாடம் அது. பிறகு விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்: மழை நீர், ஜொகூரிலிருந்து வாங்கும் நீர், கழிவுநீரைத் தூய்மை செய்து பெறும் நீர், கடல் நீரைக் குடிநீராக்கிப் பெறும் நீர். சொல்லி முடித்ததும், "உங்கள் ஊருக்கு எத்தனை குழாய்கள், தாத்தா?" என்று கேட்டாள்.

நாற்பதாண்டுக் காலம் வகுப்பில் கேள்வி கேட்டவன் நான். இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலவில்லை. ஆகவே விடையைத் தேடத் தொடங்கினேன்.

சிங்கப்பூர் மிகச் சிறிய நாடு. பரப்பு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர்; மக்கள்தொகையோ அறுபது இலட்சத்தை எட்டியிருக்கின்றது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்தும், அதைத் தேக்கி வைக்க அங்கே இடம் போதாது. 1942-இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய ஆங்கிலேயர் ஜொகூர்ப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தனர். அதனோடு, அதன் வழியே வந்த தண்ணீர்க் குழாயும் துண்டிக்கப்பட்டது. 1963-இல் மழை பொய்த்தபோது மக்களுக்குத் தண்ணீரை அளந்து வழங்கினர். அந்த அச்சத்தை அந்நாட்டார் மறக்கவில்லை. அதுவே அவர்களுக்கு ஆசானாயிற்று.

சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் துர்நாற்றம் வீசும் சாக்கடையாய் இருந்தது. பன்றிப் பண்ணைகளின் கழிவும், தெருக்கடைகளின் கழிவும், குடிசைகளின் கழிவும் அதிலேயே கலந்தன. 1977-இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளுக்குள் ஆறு தூய்மையாக வேண்டும் என்று பணித்தார். பண்ணைகள் அகற்றப்பட்டன, தெருவில் விற்றோர்க்குத் தனி உணவங்காடிகள் கட்டித் தரப்பட்டன, சரக்குப் படகுகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. 1987-இல் ஆறு தெளிந்தது. ஆறு தெளிந்தபின், 2008-இல், அதன் முகத்துவாரத்தில் மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்டது. கடல் உள்ளே புகாமல் தடுத்து, நகரத்தின் நடுவே நன்னீர் ஏரியொன்றை ஆக்கியது அது.

அந்த அணைக்கட்டைக் காண எங்களை மகள் அழைத்துச் சென்றாள். ஒன்பது எஃகுக் கதவுகள் வரிசையாக நிற்கின்றன. பெருமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் கதவுகளைத் தாழ்த்தி நீரை வெளியே விடுகின்றனர். கடல் உயர்ந்திருந்தால் பெரும் பொறிகளைக் கொண்டு இறைத்துக் கடலில் சேர்க்கின்றனர். அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "இதென்ன, நம்மூர் ஏரிக் கலங்கல் மாதிரிதானே! வேண்டிய தண்ணீரை நிறுத்திக்கொண்டு மிகுதியை வெளியே விடுகிறார்கள். அங்கே கல், இங்கே இரும்பு," என்றாள்.

அச்சொல்லில் ஓர் உண்மை இருந்தது. பல நூறு கோடி செலவில் பொறியியல் அறிஞர் செய்த வேலையை, ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொண்டாள்.

பின்னர்ப் பேருந்தில் ஏறி ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து கோலாலம்பூர் சென்றோம். அங்கே என் மனைவிக்குத் தம்பி முறையாகும் ஒருவர், அச்சின்னத் தாத்தாவின் பேரர், எங்களை எதிர்கொண்டார். "அக்கா, மாமா, வாங்க" என்று அவர் அழைத்த அழைப்பில் எங்கள் செங்கற்பட்டுச் சீமையின் ஒலி மூன்று தலைமுறைக்குப் பின்னும் மங்காமல் இருந்தது. பத்துமலைக்கு அழைத்துச் சென்றார். 272 படிகளையும் மெல்ல ஏறி முருகனை வணங்கினோம். மறுநாள் நகரின் நடுவே, கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தைக் காட்டினார். கோலாலம்பூர் என்னும் பெயருக்கே சேறு நிறைந்த கூடுதுறை என்பது பொருளாம். 1971-இல் பெருவெள்ளம் அந்நகரை மூழ்கடித்தது. இன்று நிலத்தடியில் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ள நீர்ச் சுரங்கம் ஒன்று இருக்கின்றது. 2007 முதல் பயன்பட்டு வரும் அதன் ஒரு பகுதி, மழையற்ற நாளில் மோட்டார் வண்டிகள் ஓடும் பாதை. பெருமழை வரின் வண்டிகளை வெளியேற்றிவிட்டு, அப்பாதையிலும் வெள்ளத்தைச் செலுத்துகின்றனர்.

இனி, பேர்த்தியின் கேள்விக்கு வருவோம். எங்கள் ஊர் தண்டலம், சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்குக் கிழக்கே உள்ளது. இராமாநுசர் பிறந்த திருப்பெரும்புதூரைச் சுற்றிலும், இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையிலும், கார்த் தொழிற்சாலைகளும் கருவித் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. நாங்கள் அயல்நாடு சென்றது போலவே, கொரியரும் ஜப்பானியரும் எங்கள் பகுதிக்கு வந்து குடும்பத்தோடு வாழ்கின்றனர். ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி கிடக்கின்றது. அதன் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி அது. அதன் உபரி நீர் அடையாற்றின் வழியே நகரைக் கடந்து கடலில் கலக்கின்றது.

2015 டிசம்பரில் அவ்வேரி நிரம்பி வழிந்தது. அடையாறு கரை கடந்து சென்னையின் தெருக்களில் ஓடியது. நான்காண்டுகள் கூட நிறையவில்லை. 2019 கோடையில் அதே ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரே ஏரி வெள்ளத்தையும் வறட்சியையும் இத்துணை விரைவில் காட்டியதற்குக் காரணம் என்ன?

சென்னைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மழை பரவிப் பெய்கின்றது. நமக்கோ அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. அவர்களுக்கு இடம் குறைவு. நமக்குக் காலம் குறைவு. சில நாட்களில் வந்ததை ஆண்டு முழுவதும் காக்க வேண்டும் என்பதை உணர்ந்தே நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோல் அமைத்தனர். ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரியைச் சேரும். அந்தக் கால்வாய் தூர்ந்தாலோ, அதன்மேல் கட்டடம் எழுந்தாலோ, மழை நாளில் மேலூர் மூழ்கும். வெயில் நாளில் கீழூர் காயும். வயலாய் இருந்த இடம் மனையாகவும் ஆலையாகவும் மாறும் எங்கள் பகுதியில் இவ்வாபத்து மிகுதி.

நாமும் வாளா இருந்துவிடவில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் கட்டப்பட்டன. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம் 2019-இல் அமைந்தது. அந்நீர் நெடுங்குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வருகின்றது. ஆலைகள் அதனைக் கொள்ளுமளவுக்கு ஏரி நீர் மக்களுக்கு மிஞ்சும். ஆகவே, "எங்களுக்கும் குழாய்கள் பல உண்டு, அம்மா, ஆனால் மழை என்னும் முதற்குழாய் எங்கள் ஏரியைச் சேரும் வழியை நாங்கள் இன்னும் நன்றாகக் காக்க வேண்டும்," என்று பேர்த்திக்கு விடை சொன்னேன்.

மாணவர்களே! நீங்கள் நாளை சிங்கப்பூருக்கும் சியோலுக்கும் செல்வீர்கள். சிலர் பணிக்குச் செல்வீர்கள். சிலர் உற்றாரைக் காணச் செல்வீர்கள். வானளாவிய மாடங்களைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்நகரத்தார் எதற்கு அஞ்சினர், அவ்வச்சத்தை வெல்ல எத்தனை ஆண்டு உழைத்தனர் என்று கேளுங்கள். அதற்கு முன்பாக, உங்கள் ஊரிலேயே செய்யத்தக்க சிறு வேலை ஒன்று உண்டு. ஒரு விடுமுறை நாளில் நண்பர் நால்வர் கூடி, ஊர்ப் பெரியவர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் நடந்து செல்லுங்கள். வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகின்றது, மதகு எங்கே, கலங்கல் எங்கே, வழியும் நீர் எவ்வூர் ஏரியைச் சேர்கின்றது என்று கேட்டு, ஒரு தாளில் வரைந்து வையுங்கள். வழியில் கால்வாய் அடைபட்ட இடத்தையும் அதில் குறித்து, ஊராட்சி மன்றத்தில் கொடுங்கள்.

அந்தத் தாள், மழை வரும் முன்பே அவர்கள் கையில் சேரட்டும்.