டெலீட் அழுத்தும் முன் ஒரு நிமிடம்

(சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டால் நம் கை முதலில் போவது பழைய ஃபோல்டர்களை நீக்கத்தான். ஒரு ஃபைலை நீக்கினால் போவது ஒன்று. ஃபோல்டரை நீக்கினால் அதற்குள் உள்ள ஃபோல்டர்கள், அவற்றுக்குள் உள்ள படங்கள், பத்திர ஸ்கேன்கள் எல்லாம் சேர்ந்து போகும். பீரோவைத் திறந்து பார்க்காமலே பழைய இரும்புக்காரரிடம் போடுவது போலத்தான்.

பெரிய நிறுவனங்களுக்கே இது நடந்திருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. தவறான இடத்தில் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை ஃபோல்டர் ஃபோல்டராக அழித்துக்கொண்டே போனது. படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் அதுவும் சரியாக இல்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சுஸ்மன் என்பவரின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதுதான் படத்தைக் காப்பாற்றியது.

வங்கியில் பழைய லெட்ஜர்களை அழிக்க ஒரு முறை உண்டு. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததா என்று பார்த்து, பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்திட்ட பிறகே அவை வெளியே போகும். அந்த ஒழுங்கை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். உள்ளே எத்தனை ஃபைல் என்று காட்டும். காலி என்று நினைத்ததில் 800 இருந்தால், திறந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது, நம்முடைய படம், கடிதம் உள்ள ஃபோல்டரை உடனே நீக்காமல் 'நீக்கலாம்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் ஒரு மாதம் போட்டு வையுங்கள். வீட்டில் மற்றவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாவது, சாஃப்ட்வேர் வேண்டாம் என்றால் அதன் ஃபோல்டரை நீக்காதீர்கள். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்வதே முறை.

நான்காவது, ரீசைக்கிள் பின்னை முழுக்க நம்பாதீர்கள். ஷிஃப்டோடு டெலீட் அழுத்தினால் அங்கே வராது. பென் டிரைவிலிருந்து நீக்கியதும் பொதுவாக வராது. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

ஐந்தாவது, முக்கியமானவற்றுக்குத் தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். அவ்வப்போது அதைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பினால் பிக்ஸார் கதைதான்.

கடைசியாக, நம் சங்கத்தின் வரவு செலவு, பொதுக்குழுத் தீர்மானங்கள் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. நிர்வாகக் குழு மாறும், கணக்கு மாறாது. அதில் ஒரு ஃபோல்டரை நீக்குவதானால் ஒருவர் எழுதித் தர, இன்னொருவர் சரிபார்த்த பிறகே நீக்குவது என்று வைத்துக்கொள்வோம்.