கொறடாவும் மனச்சான்றும்

தனிமனித உரிமை, சட்டத்தின் ஆட்சி, தடையற்ற தொழில் முயற்சி ஆகியவற்றைப் போற்றுவதோடு, நெடுங்கால நிறுவனங்களை அவசரப்பட்டுக் கலைக்கலாகாது என்றும் எச்சரிக்கும் அரசியல் நோக்கே தாராளப் பழமைவாதம் எனப்படும். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றபோது, உழவரின் நில உரிமை பறிபோகும் என்று அஞ்சிய இராஜாஜி, எண்பது வயதில், மினூ மசானி, என். ஜி. ரங்கா முதலியோருடன் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதன் மூலம் அந்நோக்கு இந்தியாவில் கட்சி வடிவம் பெற்றது. 1967இல் 44 இடங்களுடன் மக்களவையின் மிகப்பெரிய எதிர்க்கட்சியாக விளங்கிய அது, 1974இல் வேறொரு கட்சியில் கரைந்தது.

‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்’ என்று இராஜாஜி சாடிய உரிமமுறை 1991க்குப் பின் பெருமளவு தளர்ந்தது. ஆயினும் இன்று பட்டம் பெறும் தலைமுறை கருதிப் பார்க்க வேண்டியது அக்கட்சியின் பொருளியலைவிட, அடிப்படைக் கோட்பாடுகளுக்கு அப்பாற்பட்ட பொருள்களில் உறுப்பினர் தம் மனச்சான்றின்படி வாக்களிக்க அது வழங்கியிருந்த உரிமையையே; அவ்வுரிமையைப் பறிக்கும் ஆற்றலை இப்போது கட்சித் தலைமைக்குச் சட்டமே தந்திருக்கிறது.

அச்சட்டம் பிறந்த பின்னணி இது: 1967இல் ஹரியானா சட்டமன்ற உறுப்பினர் கயா லால் இரு வாரங்களுக்குள் மும்முறை கட்சி மாறினார். அதன்பின் பெருகிய கட்சித் தாவலைத் தடுக்க, 1985இல் 52ஆம் திருத்தத்தின் வழி அரசமைப்பில் பத்தாம் அட்டவணை சேர்க்கப்பட்டது. அதன்படி, அவையில் எவ்வாறு வாக்களிப்பது என்று கட்சியின் சார்பில் அறிவுறுத்தும் கொறடாவின் உத்தரவை மீறும் உறுப்பினர் பதவியிழக்க நேரும். நோக்கம் நேர்மையானது, விளைவு வருந்தத்தக்கது: ஒரு மசோதாவைக் கொள்கையளவில் எதிர்த்துத் தனித்து வாக்களிப்பவருக்குத் தண்டனையும், மூன்றில் இரு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைந்தால் பாதுகாப்பும் கிடைப்பதை நியாயம் என்று எவ்வாறு கொள்வது?

பழமைவாதச் சிந்தனையின் மூலவராக மதிக்கப்படும் எட்மண்ட் பர்க், பிரதிநிதி தம் முடிவெடுக்கும் அறிவை வாக்காளரின் விருப்பத்துக்குக்கூடப் பலியிடலாகாது என்று 1774இல் பிரிஸ்டல் நகர வாக்காளரிடமே வாதிட்டார். இந்தியாவிலோ அவ்வறிவு வாக்காளருக்கும் அன்றிக் கட்சித் தலைமைக்கே அடகு வைக்கப்படுகிறது. பிரிட்டனில் கொறடாவை மீறுபவர் கட்சியிலிருந்து நீக்கப்படலாம். மக்கள் தந்த இருக்கை அவரிடமே இருக்கும்.

நம்பிக்கை வாக்கெடுப்பு, பண மசோதா போன்று அரசின் உயிர்நாடியான சிலவற்றுக்கு மட்டும் கொறடா உத்தரவைக் கட்டாயமாக்கலாம் என்று 1990இலேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. அரசின் நிலைப்பையும் உறுப்பினரின் சுதந்திரத்தையும் ஒருங்கே காக்கும் அப்பரிந்துரை இன்றும் சட்டமாகவில்லை. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், அதை ஆதரிக்கிறாரா என்று இன்று பட்டம் பெறுவோர் கேட்கலாம்.