குறும்படப் பணியில் நாங்கள் கண்டவை
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் மாணவர் குழுவினர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி மாணவர்கள் ஒரு குறும்படம் எடுத்துத் தர வேண்டுமென்று சங்கத்தார் பணித்தனர். நாங்கள் அறுவர், அவருள் மூவர் மாணவியர். எங்களிடம் இருந்த கருவி ஒரே ஒரு கைபேசி. அதுவும் எங்களுள் ஒருவரின் அண்ணனுக்கு உரியது. அவர் வேலைக்குச் செல்லாத நாளில்தான் கிடைக்கும். படம் ஏழு நிமிடம் ஓடும். அதைப் பற்றிப் பெருமை பேச நாங்கள் இங்கு வரவில்லை. எவை எவை எங்களை மறித்து நின்றன என்பதைச் சொன்னால், அடுத்து எடுக்கப்போகும் இளையோர்க்கு அது பயன்படும் என்று எண்ணுகிறோம்.

எதைப் படமாக்குவது என்பதில் நெடுநேரம் வாதிட்டோம். விளாத்திகுளத்தைச் சுற்றிலும் கரிசல். மிளகாய் வற்றலும் கரிமூட்டமும் நம்மவர் உழைப்பு. கடற்கரைப் பக்கம் சென்றால் வேப்பலோடை தொட்டுத் தூத்துக்குடி வரை உப்பளங்கள். உப்பு விளைச்சலில் நாட்டில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது நம் மாநிலம்; அதிலும் பெரும்பகுதி நம் மாவட்டத்தில் விளைகிறது. எங்களுள் இருவரின் அன்னையர் உப்பு வாரும் தொழிலாளிகள். ஆகவே உப்பளத்தையே தேர்ந்தோம். இத்தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் அவர்கள் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவல் 1979ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. சங்க நூலகத்தில் அதைப் படித்தோம். வெளியிலிருந்து வந்த ஒருவர் அக்கறையோடு கேட்டு எழுதியது அது. இம்முறை மகள் கேட்கத் தாய் பேச வேண்டும் என்பது எங்கள் ஆசை.

முதலில் எங்களை மறித்தது வெளிச்சம். வெண்மையான உப்புப் பாத்தியின் நடுவே கருத்த முகம் ஒன்றை நிறுத்திப் படம் பிடித்துப் பாருங்கள். கைபேசி தானாகவே ஒளியை அளக்கிறது. சட்டம் முழுவதும் வெள்ளையாக இருப்பதால், வெளிச்சம் மிகுதி என்று கணக்கிட்டு ஒளியைக் குறைத்துவிடுகிறது. உப்பு அழகாக, மணி மணியாகத் தெரியும். முகம் மட்டும் மைக்கறையாகிவிடும். இதைப் பற்றித் தேடியபோது ஒரு செய்தி அறிந்தோம். கோடாக் நிறுவனம் வண்ணப்படங்களின் நிறத்தைச் சரிபார்க்கப் பல்லாண்டுக் காலம் ‘ஷெர்லி அட்டை’ என்ற ஒன்றை அச்சுக்கூடங்களுக்கு அனுப்பி வந்ததாம். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் உருவம். அவள் தோல் சரியாக விழுந்தால் படம் சரி. கருத்த தோல் சரியாக விழாதது குறையாகக் கருதப்படவேயில்லை. சாக்லேட் செய்வோரும் மரச்சாமான் விற்போரும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் துலங்கவில்லை என்று முறையிட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர். மனிதர் முறையிட்டும் அசையாதது மேசைக்காக அசைந்தது!

இதற்கு வழி எளிது. திரையில் முகம் இருக்கும் இடத்தை விரலால் தொட்டு அழுத்தியிருந்தால், கைபேசி முகத்தை வைத்தே ஒளியை அளக்கும். ஆனால் அப்போது உப்பு வெளுத்து, மணியெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத் துணிபோல ஆகிவிடும். உப்பு வேண்டுமா, முகம் வேண்டுமா? முகமே வேண்டுமென்று முடிவு செய்தோம். எங்கள் படத்தில் உப்பு சரியாகத் தெரியாது.

அடுத்தது உடை. வேலைக்கோலத்தில் படம் எடுக்க வந்தபோது, எங்களுள் ஒருவரின் தாயார் மறுத்துவிட்டார். சேலைமேல் ஆண்சட்டை, தலையில் சும்மாட்டுத் துணி, காலில் உப்பு. “நல்ல சேலை கட்டிட்டு வாரேன், பொறுங்க” என்று வீட்டுக்கே போய்விட்டார். இயல்பு கெட்டுவிடுமே என்று எங்களுள் சிலர் முணுமுணுத்தனர். நாங்கள் யோசித்தோம். நம்மவர் படம் செய்தித்தாளில் எப்போது வருகிறது? அழும்போதும் அடிபட்டபோதும்தான். அண்ணல் அம்பேத்கர் சிலை எந்த ஊரில் எழுந்தாலும் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தே நிற்கிறது. அதன் பொருள் அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. வேலையை வேலையுடையில் எடுத்தோம். பேச்சை அவர் விரும்பிய சேலையில் எடுத்தோம்.

கைபேசியை எந்த உயரத்தில் பிடிப்பது என்ற கேள்விக்கு விடை தெலங்கானாவிலிருந்து கிடைத்தது. ஜாகீராபாத் அருகே பஸ்தாபூரில், தக்காண வளர்ச்சிக் கழகத்தைச் சார்ந்த, எழுதப்படிக்கத் தெரியாத தலித் பெண்கள் 1990களின் இறுதியில் வீடியோக் கருவியைக் கையாளப் பயின்றனர். 2001இல் சமுதாய ஊடக அறக்கட்டளை ஒன்றும் அமைந்தது. கோணங்களுக்கு இங்கிலீஷ் பெயர்களை மனப்பாடம் செய்யாமல் அவர்களே பெயரிட்டனர். மேலிருந்து கீழே பார்ப்பது ‘பட்டேல்’ கோணம். பண்ணையார் நம்மைப் பார்க்கும் பார்வை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது அடிமைக் கோணம். கண்ணுக்கு நேர் கண்ணாகப் பிடிப்பது ‘சங்கம்’ கோணம்; சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே தரையில் அமர்வதால் அப்பெயர். நூல்களில் பல பக்கம் படித்தும் விளங்காதது இந்த மூன்று சொற்களில் விளங்கிற்று. உப்பு வாருவோர் குனிந்தே இருப்பர். நின்றபடி எடுத்தால் நாம் பட்டேல் ஆகிவிடுவோம். ஆகவே பாத்தி வரப்பில் மண்டியிட்டு எடுத்தோம். முழங்கால் புண் ஆறச் சில நாள் ஆயிற்று.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கடற்காற்று பேச்சை விழுங்கிவிடும். பேட்டியை வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். சோக வயலின் சேர்க்கலாமா என்று ஒரு பாட்டியிடம் போட்டுக் காட்டினோம். “யாரு செத்துட்டா?” என்றார். உப்பு வாரும் பலகை உரசும் ஓசையே போதுமென்று விட்டோம்.

மாணவியர்க்குத் தனி இடர் ஒன்று இருந்தது. உப்பள வேலை விடியுமுன் தொடங்கும். அந்நேரம் பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டார் இசையவில்லை. தாய்மார் இருவர் தங்களுடனேயே அழைத்துச் சென்றதால்தான் அக்காட்சிகள் கிடைத்தன.

இனி, எங்களை இரண்டாகப் பிளந்த செய்திக்கு வருகிறோம். பெரியம்மா ஒருவர் இருபது நிமிடம் பேசினார். அதில் தம் வேலையிடத்தில் நேர்ந்த ஒன்றைச் சொன்னார். நாங்கள் எடுத்த அனைத்திலும் வலிமையான பகுதி அது. மறுநாள் எங்களைத் தேடி வந்து, அதை அழித்துவிடச் சொன்னார். முகத்தை மறைக்கிறோம் என்றோம். “என் பேச்சு அங்க யாருக்குத் தெரியாது, தாயி? நாளைக்குக் கங்காணி பேர் கூப்பிடும்போது என் பேரைக் கூப்பிடணும்” என்றார்.

எங்களுள் மூவர் அழிக்கக் கூடாதென்றனர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கியது வாய்மூடி இருக்கவா என்று கேட்டனர். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் துப்புரவுத் தொழிலாளர் முகம் காட்டிப் பேசியதால்தானே, 2017இல் பல இடங்களில் திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தும் அது இணையத்தின் வழியே மக்களிடம் சென்றது என்றனர். மற்ற மூவர் சொன்னது இது: அங்கே பேசியவர்கள் பேச இசைந்தவர்கள், இவர் இசையவில்லை. படம் முடிந்ததும் நாம் பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போய்விடுவோம். அவர் விடியுமுன் அதே பாத்திக்குப் போக வேண்டும். இரண்டு வாதமும் எங்களுக்கு இன்றும் சரியாகவே படுகின்றன. ஆனால் சொல் அவருடையது. அவர் கண்முன்பே அழித்தோம். எங்களுள் ஒருவர் இரண்டு நாள் எவரோடும் பேசவில்லை. அது என்ன செய்தி என்பதை இம்மேடையிலும் சொல்ல மாட்டோம், பொறுத்தருள்க.

இதன் பிறகே ஒரு வழக்கம் வகுத்துக்கொண்டோம். வெட்டித் தொகுத்த படத்தை முதலில் அதில் வருவோர்க்குக் காட்டுவது. அவர்கள் ‘சரி’ என்ற பிறகே பிறர்க்குக் காட்டுவது. யூடியூபில் இன்னும் ஏற்றவில்லை. ஏற்றிவிட்டால் அதன் கீழே யார் என்ன வசை எழுதுவார் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. ஏற்றலாமா என்பதை அத்தாய்மார் முடிவு செய்வர்.

புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ் 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ எடுத்ததிலிருந்து நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர்க்குத் திரைத்துறைமேல் கண் சென்றிருக்கிறது. நல்லதே. அவர்களுக்காகச் சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்: சட்டையில் செருகும் ஒலிவாங்கி ஒன்று, எடுத்த காட்சிகளைச் சேர்த்துவைக்க ஒரு வன்தட்டு. கைபேசியில் இடம் போதாமல் அண்ணனுடைய திருமணப் படங்களை இருமுறை வேறிடம் மாற்ற வேண்டியதாயிற்று. அவர் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்த ஆண்டு கரிமூட்டத்தைப் படமாக்க எண்ணியுள்ளோம். அங்கே வெள்ளை உப்பு இல்லை, புகைதான். வெளிச்சக் கணக்கைப் புதிதாகக் கற்க வேண்டும்.

படத்தில் பேசிய தாய்மார் மூவரும் முன்வரிசையில் அமர்ந்துள்ளனர். திரையிட அவர்கள் இசைவு தந்துள்ளனர். விளக்குகளை அணைக்கலாம்.