புற்றுநோயும் உடலின் காவற்படையும்



காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். உள்ளே புகுந்த கிருமிகளோடு நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் போரிடுகின்றன என்பதற்கு அறிகுறி அது. அயலாரை இத்துணை விரைவில் கண்டுகொள்ளும் இக்காவற்படை, புற்றுநோயைப் பல சமயங்களில் வளரவிட்டு வாளாவிருப்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண உதவிய ஓர் அறிஞரின் பணியைப் பற்றி இன்று சிறிது கூற விரும்புகிறேன்.

அவர் பெயர் ஜேம்ஸ் அலிசன். 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆலிஸ் என்னும் ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தம் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

அவர் ஆராய்ந்தவை வெள்ளணுக்களில் ஒரு வகையான 'டி' அணுக்கள். எலும்பின் உட்சோற்றில் தோன்றி, மார்பினுள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பக்குவம் பெறுபவை இவை. பிற அணுக்களின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்து, அங்கே மாறுபட்ட அடையாளம் இருப்பின் அந்த அணுவையே கொல்ல வல்லவை. ஆயினும் அடையாளம் கண்ட மாத்திரத்தில் இவை பாய்வதில்லை. குதிரை ஓடுவதற்குத் தூண்டுதல் வேண்டும் அன்றோ? அதுபோல் 'டி' அணுவுக்கும் இரண்டாவதாக ஒரு தூண்டுதல் வேண்டும். அதனை ஏற்கும் புரதம் அதன் மேற்பரப்பிலேயே உள்ளது.

1987-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள், அதனை ஒத்த இன்னொரு புரதத்தைப் பற்றி எழுதினர். அதன் பெயர் சி.டி.எல்.ஏ.-4. அதுவும் தூண்டுகோலே எனச் சிலர் கருதினர். கலிபோர்னியாவில், பெர்க்கிலியில் இருந்த அலிசனின் ஆய்வுக்கூடமும் வேறு சிலரும் ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. அது தூண்டுகோல் அன்று, கடிவாளம்!

அலிசன் சிந்தித்தார். புற்றுநோய் வெளியிலிருந்து வந்த பகை அன்று. நம் அணுக்களே நெறி கெட்டு வளர்வது. அதனை எதிர்க்கப் புறப்படும் 'டி' அணுக்களையும் இக்கடிவாளம் இழுத்து நிறுத்துகிறதோ? அதனைத் தளர்த்தினால் என்ன ஆகும்? 1994-ஆம் ஆண்டின் இறுதியில் சோதனை நடந்தது. புற்றுக்கட்டி கொண்ட சுண்டெலிகளுக்கு, சி.டி.எல்.ஏ.-4 புரதத்தைப் பற்றிக்கொண்டு அதனைச் செயலற்றதாக்கும் எதிர்ப்பொருள் செலுத்தப்பட்டது. கட்டிகள் கரைந்து மறைந்தன. ஒரு முறை கண்டது போதாதென்று, கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே சோதனை மீண்டும் செய்யப்பட்டது. 1996-இல் முடிவு வெளியாயிற்று.

எனினும், மருந்து செய்யும் நிறுவனங்கள் எளிதில் முன்வரவில்லை. எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்கும் என்று யார் உறுதி கூற இயலும்? பல்லாண்டு முயற்சிக்குப் பின், 2011-இல் இபிலிமுமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. உடலெங்கும் பரவிய மெலனோமா என்னும் கொடிய தோற்புற்றுக்கு உரிய மருந்து அது. ஜப்பானியரான தசுகு ஹோஞ்சோ, கியோட்டோவில் வேறொரு கடிவாளத்தை 1992-இலேயே கண்டறிந்திருந்தார். இருவருக்கும் 2018-இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆயின், இம்மருந்தைச் சஞ்சீவி என்று கொண்டாடுதல் தகாது. கடிவாளம் வீணாக அமைந்ததன்று. சி.டி.எல்.ஏ.-4 இன்றிப் பிறந்த எலிகளின் 'டி' அணுக்கள் தம் உடலையே தாக்கின. அவை சில வாரங்களில் மாண்டன. மருந்து பெற்ற நோயாளிகளிலும் சிலருக்குக் குடலும் தோலும் அழற்சி கொள்கின்றன. பரவிய மெலனோமாவுக்கு இம்மருந்தைப் பெற்றவர்களுள் மூன்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. ஆனால் அவர்களுள் பலர் பத்தாண்டு வரையிலும் வாழ்ந்தனர். முன்னர் மாதக் கணக்கில் நாளெண்ணிய நோய் இது என்பதை நினைத்தால், அந்த ஒருவரின் வாழ்வு எத்துணை அரியது என்பது விளங்கும்.

மாணவர்களே, அலிசன் மருந்து தேடிப் புறப்பட்டவர் அல்லர். ஓர் அணு எவ்வாறு இயங்குகிறது என்று அறியவே புறப்பட்டார்; அந்த அறிவே மருந்தாயிற்று. ஒருவருக்குப் பலிக்கும் மருந்து மற்ற நால்வருக்குப் பலியாதது ஏன்? இவ்வினாவுக்கு முழு விடை இன்னும் கிட்டவில்லை. அதனைத் தேடும் பணி உங்களுக்காகவும் காத்திருக்கிறது.